ஆர்மி வேவு டிரோன்: கோவில்ல, கல்யாணத்துல என்கிட்ட கேட்ட கேள்விங்களும் பதிலும்

சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன்கிட்ட இருக்கிற டோங்காட் ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்து மேல டிரோன் விட்டு, எந்தப் பக்கம் தண்ணி பத்தல, எங்க பூச்சி விழுந்திருக்குன்னு மேப் எடுத்துக் குடுக்குறதுதான் என் பொழப்பு, ஆர்மிக்காரன் இல்ல. ஆனா 2025 ஜனவரியில காங்கோவுல கோமா, சாக்கே பக்கம் நம்ம சவுத் ஆப்பிரிக்கா சோல்ஜருங்க 14 பேர் செத்ததுல இருந்து, கோவிலுக்குப் போனாலும் சரி கல்யாணத்துக்குப் போனாலும் சரி, "நீதான் டிரோன்காரனாச்சே"ன்னு புடிச்சு வச்சுக்கிட்டு அதே கேள்விங்களத்தான் கேக்குறாங்க. அதான் அவங்க கேட்ட மாதிரியே போட்டு கீழ பதிலும் எழுதிட்டேன். தரையில நிக்கிற படைக்கு உதவியா மேல இருந்து பாக்குற ஆளில்லா விமானங்களப் பத்தி மட்டும்தான் இது.

தம்பி, கல்யாண மண்டபத்துல மேல பறந்து வீடியோ எடுக்குதே, அதுதானா ஆர்மியிலயும்?

சில சமயம் அதேதான் ஆன்ட்டி, உக்ரைன் பத்தி கீழ வரும் பாருங்க. ஆனா பொதுவா ஆர்மியில சைசு வாரியா இருக்கும். ரொம்பச் சின்னதுன்னா பிளாக் ஹார்னெட், நார்வேயில செஞ்சது, குட்டி ஹெலிகாப்டர், அதுல மூணாவது மாடல் 33 கிராம்தான், உள்ளங்கையில அடங்கிடும், பிரிட்டிஷ் ஆர்மி ஆப்கானிஸ்தான்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்க இதோட பழைய மாடலத்தான் வச்சிருந்தாங்க. அடுத்தது அமெரிக்காவோட ரேவன், ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, கையால தூக்கி எறிஞ்சா பறக்கும், ஒரு மணி நேரம் சொச்சம் நிக்கும், பத்து கிலோமீட்டர் வரைக்கும் போகும்.

அதுக்கு மேல போனா லாரியில ஏத்திக் கொண்டுபோய் கேட்டபுல்ட், அதாவது பெரிய கவண் மாதிரி ஒண்ணு வச்சு வீசுறது, அப்புறம் ஓடுபாதை வேணுங்கிற நிஜ விமானம். நம்ம நாட்டு சீக்கர் 400க்கு இறக்கை மட்டும் பத்து மீட்டர், 16 மணி நேரம் மேலயே நிக்கும்னு கம்பெனி சொல்லுது. பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க, பள்ளத்துல மாட்டிக்கிட்ட பத்து பேருக்கு பையில இருந்து எடுத்து எறியிற ரெண்டு கிலோ சாமான்தான் உதவும், 200 கிலோமீட்டர் தள்ளி ஓடுபாதையில இருக்கிற விமானம் இல்ல.

அதுல பாம் இருக்குமா இருக்காதா?

வேவு டிரோன்ல இருக்காது. கேமரா, ராத்திரிக்கு ஹீட் கேமரா, தூரம் அளக்குற லேசர், வீடியோவ கீழ அனுப்புற ரேடியோ, இவ்வளவுதான். இந்தச் சாமானே எடைய புடிச்சுக்கும், மேல பாமும் வச்சா எரிபொருள் குறையும், நிக்கிற நேரம் குறையும். சிலதுல குறி காட்டுற லேசர் இருக்கும், அது சுடாது, இலக்கு மேல புள்ளி வைக்கும், ஹெலிகாப்டரோ பீரங்கியோ விடுற குண்டு அந்தப் புள்ளியப் புடிச்சுக்கிட்டு வந்து விழும். அதனால "அது பாக்கத்தான் செய்யும், பாவம்"னு சொல்றதும் முழு உண்மை இல்ல.

சும்மா பாக்குறதுன்னா கீழ நிக்கிற பையனுக்கு என்ன பிரயோஜனம்?

நெறைய இருக்கு. ரோட்டுல கான்வாய் போகுதுன்னா அடுத்த வளைவுல யாராவது படுத்திருக்கானான்னு முன்னாடியே பாக்கலாம், பாலம் உடைஞ்சிருக்கான்னு பாக்கலாம், அடிபட்டவன எந்தப் பக்கமா தூக்கிட்டு வந்தா ஹெலிகாப்டர் இறங்க இடம் கிடைக்கும்னு பாக்கலாம். மலைக்குப் பின்னாடி ரேடியோ எட்டாத இடத்துல நடுவுல நின்னு பேச்ச கடத்திக் குடுக்குற டிரோனும் உண்டு.

ஆனா போர்ல இது பெரிய விஷயமானது பீரங்கியாலதான். நம்ம ஜி5 பீரங்கிய எடுத்துக்கோங்க, 155 மில்லிமீட்டர், வால்ல கேஸ் விடுற குண்டு போட்டா 39 கிலோமீட்டர் வரைக்கும் அடிக்கும். அவ்வளவு தூரத்துல குண்டு எங்க விழுந்துச்சுன்னு சுட்டவனுக்கு எப்படித் தெரியும்? முன்னாடி காலத்துல ரெண்டு பேர் எதிரிக்குப் பக்கத்துல போய் மரத்து மேல ஏறி உக்காந்து ரேடியோவுல "இடது பக்கம் 200, கூட 100"ன்னு சொல்லணும், திரும்பி வராதவங்களும் உண்டு. இப்ப டிரோன் மேல நின்னு விழுந்த இடத்தக் காட்டுது, அடுத்த குண்டுக்கு முன்னாடியே திருத்திக்கலாம்.

இதுல ஒண்ணு கவனிக்கணும். பாத்தவன்கிட்ட இருந்து பீரங்கிக்காரன் வரைக்கும் சேதி போற வழி சரியா இருந்தாத்தான் இந்த லாபம் எல்லாம். டிரோன் நல்லா பாக்குது, ஆனா வீடியோ ஹெட்குவாட்டர்ஸ்ல ஒரு டிவியில ஓடுது, பள்ளத்துல இருக்கிற லெப்டினன்ட்டுக்கு அது போய்ச் சேர அரை மணி நேரம் ஆகுதுன்னா, அவனப் பொறுத்த வரைக்கும் மேல டிரோன் இல்லாத மாதிரிதான். இந்தக் கஷ்டத்துக்குத்தான் 2000க்கு அப்புறம் ரோவர்னு ஒரு பொட்டிய அமெரிக்காக்காரன் கொண்டு வந்தான், தரையில இருக்கிறவனே மடியில வச்சு மேல இருந்து வர்ற வீடியோவ நேரா பாத்துக்கலாம்.

யாரு ஓட்டுறாங்க? அமெரிக்காவுல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஓட்டுறாங்கங்கிறாங்களே?

பிரிடேட்டர், ரீப்பர் மாதிரி பெருச ஆப்கானிஸ்தான் போர்ல அப்படித்தான் ஓட்டினாங்க, நெவாடாவுல உக்காந்துக்கிட்டு சாட்டிலைட் வழியா. அதுலயும் ஏத்துறதுக்கும் இறக்குறதுக்கும் அந்த ஊர்லயே ஒரு டீம் இருந்துச்சு, ஏன்னா சாட்டிலைட் வழியா போய் வர ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும், தரையிறங்குற நேரத்துல அந்த ஒரு செகண்ட் போதும் விமானம் நொறுங்க.

சின்னது, நடுத்தரம் எல்லாம் நேர் ரேடியோதான். ஆன்டெனாவுக்கும் விமானத்துக்கும் நடுவுல மலை வந்தா கதை முடிஞ்சுது. ஒருத்தன் மட்டும் ஓட்டுறதும் இல்ல, ஒருத்தன் விமானத்தப் பாப்பான், இன்னொருத்தன் கேமராவத் திருப்புவான், பெரிய சிஸ்டத்துல வீடியோவ உக்காந்து படிக்கிறதுக்குன்னே தனி ஆளுங்க உண்டு. என் அனுபவத்துல கரும்பு மேப்புக்கே பறக்குறது இருபது நிமிஷம், எடுத்தத உக்காந்து பாக்குறது அரை நாள்.

நம்ம நாட்டுக்கிட்ட இதெல்லாம் இருக்கா? இல்ல வெளிய இருந்து வாங்குறோமா?

நம்ம நாடு இதுல பழைய கை அங்கிள், நெறைய பேருக்குத் தெரியாது. 80கள்ல அப்பார்ட்ஹைட் (நிறவெறி) கவர்மென்ட் இஸ்ரேல்ல இருந்து ஸ்கவுட்டுங்கிற டிரோன வாங்கி வச்சிருந்துச்சு, அதுல ஒண்ண 1983ல மபூட்டோ மேல வேவு பாக்கும்போது மொசாம்பிக்காரன் சுட்டு விழுத்தினான். அப்புறம் இங்கயே கென்ட்ரான் கம்பெனி சீக்கர் செஞ்சுது, அந்தக் கம்பெனிதான் இப்ப டெனெல்ங்கிற பேருக்குள்ள இருக்குது.

1987ல அங்கோலாவுல லோம்பா ஆத்துப் பக்கம் நடந்த சண்டையில ஏர்ஃபோர்ஸோட 10ஆம் ஸ்குவாட்ரன் சீக்கரப் பறக்க விட்டு, மேல சொன்ன ஜி5 பீரங்கிக்குக் குறி காட்டுச்சு. எதிர்ப்பக்கம் ரஷ்ய எஸ்ஏ-8 ஏவுகணை வச்சிருந்தாங்க, அதுல சீக்கருங்க விழுந்துச்சு, ஆனா ஒரு சின்ன ஆளில்லாத விமானத்த விழுத்த அவங்க ஏவுகணை மேல ஏவுகணையா செலவழிச்சாங்க, அதுவே ஒரு லாபம்னு இங்க கணக்குப் போட்டாங்க. அந்தச் சண்டை யாருக்காக யாரு போட்டாங்கங்கிறது வேற பேச்சு, நம்ம தாத்தாமாருக்கு ஓட்டுரிமைகூட ஒழுங்கா இல்லாத காலம் அது.

இப்ப மில்கோர் கம்பெனி மில்கோர் 380ன்னு ஒண்ணு செஞ்சிருக்கு, இறக்கை 18 மீட்டருக்கு மேல, 35 மணி நேரம் பறக்கும்னு சொல்றாங்க. செய்யிற திறமை நமக்கு உண்டு, ஆர்மிக்கு அத வாங்கி, ஓட்டுறதுக்கு ஆள் வச்சு, பெட்ரோலும் ஸ்பேர் பார்ட்ஸும் போட பட்ஜெட்டுதான் வருஷா வருஷம் இழுபறி.

ராத்திரியில தெரியுமா? வீட்டுக்குள்ள இருக்கிறவங்களும் தெரிவாங்களா?

ராத்திரியில நல்லாவே தெரியும். ஹீட் கேமரா வெளிச்சத்தப் பாக்காது, சூட்டப் பாக்கும். மனுஷன், இப்பதான் ஓடி நின்ன பாக்கியோட (பிக்கப் வண்டியோட) இன்ஜின், இப்பதான் சுட்ட துப்பாக்கிக் குழாய், எல்லாம் பளிச்சுன்னு தெரியும். குளிர் அடிக்கிற, வெயில் வராத விடியக்காலைல ரொம்ப சுத்தமாத் தெரியும்.

வீட்டுக்குள்ள தெரியாது. சுவரு, கூரைத் தகரம், ஏன் சாதா ஜன்னல் கண்ணாடிகூட இந்தக் கேமராவுக்குச் சுவருதான். சினிமாவுல காட்டுற மாதிரி வீட்டுக்குள்ள சிவப்பு சிவப்பா ஆளுங்க நடக்குறதெல்லாம் கப்சா.

காங்கோ மாதிரி காடு, மழைன்னா?

அங்கதான் இது தடுமாறும். மரம் அடர்த்தியா இருந்தா சாதா கேமராவுக்கும் ஹீட் கேமராவுக்கும் கீழ இருக்கிறது தெரியாது, இலை இடுக்குல ஒரு செகண்ட் தெரிஞ்சு மறையும். மேகம் வந்தா கீழ இறங்கணும், இறங்கினா சத்தம் கேக்கும், சுடுறதுக்கும் வசதி. இன்னொரு தொல்லை, வெயில் ஏறினப்புறம் காலையிலயும், சாயங்காலமும் ஒரு நேரத்துல மண்ணும் பாறையும் மனுஷ உடம்பு சூட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துடும், அப்ப ஹீட் கேமராவுல எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

மேகத்துக்கு மேல இருந்து பாக்க ஒரு ராடார் உண்டு, பறந்துக்கிட்டே கீழ ரேடியோ அலை அனுப்பி படம் கட்டும், மழையிலயும் வேலை செய்யும். ஆனா அது வண்டியக் காட்டும், கட்டடத்தக் காட்டும், மரத்தடியில துப்பாக்கி வச்சிருக்கிறவனா மம்புட்டி வச்சிருக்கிறவனான்னு காட்டாது.

யூஎன் டிரோன் வச்சிருந்துச்சுல்ல கோமாவுல? அப்புறம் ஏன் நம்ம பசங்க செத்தாங்க?

இந்தக் கேள்வியத்தான் எல்லாரும் கோவமா கேக்குறாங்க, நியாயமும் இருக்கு. யூஎன் அமைதிப்படை தனக்குன்னு முதல் முதலா வேவு டிரோன் வச்சுப் பறக்க விட்டது கோமாவுலதான், 2013 டிசம்பர், இத்தாலிக்காரன் செஞ்ச ஃபால்கோ, ஆயுதம் கிடையாது. அப்ப எம்23, அதாவது காங்கோ கவர்மென்ட்ட எதிர்த்துச் சண்டை போடுற கிளர்ச்சிப் படை, தோத்ததுக்கு அந்த டிரோன்தான் காரணம்னு நெறைய பேரு நினைக்கிறாங்க, தேதிய பாருங்க, எம்23 தோத்தது நவம்பர்ல, டிரோன் வந்தது அடுத்த மாசம். நவம்பர்ல நம்ம ரூய்வால்க் ஹெலிகாப்டரும், பீரங்கியும், தரையில நம்ம பசங்களும் டான்சானியா பசங்களும் காங்கோ ஆர்மியும் சேர்ந்துதான் அடிச்சாங்க.

2025ல நெலைமை வேற. செத்த 14 பேர்ல ரொம்பப் பேர் இருந்தது சாடெக், அதாவது ஆப்பிரிக்காவோட தெக்குப் பக்க நாடுங்க கூட்டமைப்பு, அனுப்பின தனிப்படையில, யூஎன் படை இல்ல அது, தலைமை வேற, ரேடியோ வேற. கோமா சுத்துவட்டாரத்துல ஜிபிஎஸ் சிக்னலக் கெடுக்குற வேலை நடக்குதுன்னு யூஎன்னே வெளிப்படையா சொல்லிச்சு, அப்படி இருந்தா டிரோன் பறக்குறதே கஷ்டம். அப்புறம் ஏர்போர்ட்டே எம்23 கைக்குப் போயிடுச்சு. இதுக்கு நடுவுல ஒரு டிரோன் வந்து "ஆயிரக்கணக்குல வர்றாங்க"ன்னு படம் காட்டினாலும், பதிலுக்கு அனுப்ப ஹெலிகாப்டர் வேணும், குண்டு வேணும், வெளிய வர ஒரு ரோடு வேணும். அது எதுவும் இல்லாதவனுக்குப் படம் எதுக்கு? டிரோன் இல்லாததுதான் காரணம்னு டிவியில பேசுறவங்க மேல எனக்கு எரிச்சல் வர்றது அதனாலதான், அது சின்னக் குறை, பெரிய குறைய மறைக்குது.

சுட்டு விழுத்திட முடியாதா?

முடியும். பெருச ஏவுகணையால, அங்கோலா கதைதான் மேல சொன்னேனே. சின்னதத் துப்பாக்கியால சுடலாம், சொல்றதுக்கு சுலபம், 300 மீட்டர் மேல ஆடுற ஒரு புள்ளிய சுட்டுப் பாருங்க தெரியும்.

ரொம்ப நடக்குறது ஜாமிங். டிரோனுக்கும் ஓட்டுறவனுக்கும் நடுவுல இருக்கிற ரேடியோவ சத்தம் போட்டு அமுக்குறது, இல்ல பொய் ஜிபிஎஸ் அனுப்பி "நீ இங்க இருக்க"ன்னு ஏமாத்துறது. லிங்க் அறுந்தா நல்ல டிரோன் தானா கிளம்பின இடத்துக்குத் திரும்பும், ஜிபிஎஸ்ஸும் பொய்யா இருந்தா திரும்புறேன்னு எங்கயோ போகும். இதுக்குத் தப்பிக்க உக்ரைன்லயும் ரஷ்யாவுலயும் இப்ப மெல்லிசு ஃபைபர் நூல பின்னாடி விட்டுக்கிட்டே பறக்குற டிரோன் வந்துடுச்சு, ரேடியோவே இல்ல, ஜாம் பண்ண ஒண்ணும் இல்ல. அது ரொம்பவும் போய் மோதுற டிரோனுங்கதான், வேவுக்கு நூல் வச்சுக்கிட்டு நாள் பூரா சுத்த முடியாது.

அண்ணா, குவைத்துல ஆளுங்க டிரோன்கிட்டயே சரண்டர் ஆனாங்கங்கிறது நெஜமா?

நெஜம்தான். 1991 வளைகுடாப் போர், ஃபைலக்கா தீவு. அமெரிக்கப் போர்க்கப்பல் விஸ்கான்சின்ல இருந்து பயனீர் டிரோன் வந்து சுத்தும், அது வந்தா பின்னாடியே பெரிய பீரங்கி குண்டு வரும்னு இராக் சோல்ஜருங்களுக்குப் பழகிப்போச்சு. அதனால சத்தம் கேட்டதும் வெள்ளைத் துணிய ஆட்டிட்டாங்க, கப்பல்ல உக்காந்திருந்தவன் ஸ்கிரீன்ல பாத்து அசந்துட்டான்.

கடையில வாங்குற டிரோன் வச்சே உக்ரைன்ல போர் நடக்குதாமே, அப்ப கோடிக்கணக்குல எதுக்கு வாங்கணும்?

அங்க டிஜேஐ மேவிக்க ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்குல ஓட்டுறாங்க, நான் வேலைக்கு வச்சிருக்கிற அதே குடும்பம்தான். காலாட்படையில ஒவ்வொரு சின்ன குரூப்புக்கும் சொந்தமா ஒரு கண்ணு கிடைச்சிருக்கு, மேலிடத்துக்குக் கேட்டு நிக்க வேண்டாம், மூணாவது பதில்ல சொன்ன அந்த அரை மணி நேரத் தாமதம் இதுல போயிடுது. இதுதான் பெரிய மாத்தம்னு நான் நினைக்கிறேன்.

ஆனா பேட்டரி அரை மணி நேரம் சொச்சம், காத்து அடிச்சா அதுவும் குறையும், ஜாமிங்ல பொத்துன்னு விழும், அதனால தீந்துபோற சாமான் மாதிரி வாங்கிக்கிட்டே இருக்கணும். ராத்திரி பூரா ஒரே ரோட்ட விடாம பாக்கணும், 150 கிலோமீட்டர் உள்ள போகணும்னா சீக்கர் மாதிரிதான் வேணும்.

இவ்வளவு தெளிவா தெரியும்னா ஏன் அப்பாவி சனங்க சாவுது?

ரெண்டு காரணம். ஒண்ணு, கேமராவ ஜூம் பண்ணினா கூல்டிரிங்க் ஸ்ட்ரா வழியா பாக்குற மாதிரிதான், ஒரு வண்டி தெளிவாத் தெரியும், பக்கத்துத் தெருவுல ஸ்கூல் விடுறது தெரியாது. இன்னொண்ணு, பாக்குறவன் மனசுல முன்னாடியே ஒரு கதை இருக்கும்.

2010 பிப்ரவரி 21, ஆப்கானிஸ்தான்ல உருஸ்கான். கீழ அமெரிக்கப் படை ஒண்ணு ஒரு கிராமத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு, அவங்களக் காப்பாத்த மேல பிரிடேட்டர், விடியுறதுக்கு முன்னாடி மூணு வண்டி போறதப் பாத்தாங்க. மணிக்கணக்கா பின்னாடியே போனாங்க. வண்டி நின்னு ஆளுங்க இறங்கித் தொழுதாங்க, அதையும் சந்தேகமாவே பாத்தாங்க, குழந்தைங்க இருக்காங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அது கீழ இருக்கிற கமாண்டருக்குப் போகும்போது பெரிய பசங்களா மாறிடுச்சு. கடைசியில ஹெலிகாப்டர் வந்து சுட்டுச்சு, கிராமத்துக்காரங்க கணக்குப்படி 23 பேர் செத்தாங்க, எல்லாம் சாதா குடும்பங்க, பொம்பளைங்க குழந்தைங்களும் வண்டியில இருந்தாங்க. கேமரா கெட்டுப்போகல, வீடியோ நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் விசாரணையில எல்லாம் எழுத்துல வந்துச்சு.

கேமராவுல ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறதும் இதே ஜாதித் தப்புதான், காடு பத்தின பதிலப் பாருங்க. நல்ல டீம் "காலி"ன்னு சொல்லாது, "பாத்த இடத்துல தெரியல"ன்னு சொல்லும்.

அங்கிள், எனக்கு 17, டிரோன் பைலட் ஆகணும். ஆர்மியில சேரணுமா? காவடிக்கு ஒண்ணு பறக்க விடட்டுமா?

ஆர்மியில சேராமலே ஆகலாம். சிவில் ஏவியேஷன் ஆபீஸ் 2015ல இருந்து டிரோனுக்கு ரூல்ஸ் வச்சிருக்கு, ரிமோட் பைலட் லைசென்ஸுக்கு 18 வயசு ஆகணும், மெடிக்கல், பரீட்சை, ரேடியோ பேசத் தெரியணும். சர்வே, சுரங்கம், செக்யூரிட்டி, தோட்டம்னு வேலை இருக்கு. மேத்ஸ விட்டுறாத.

காவடிக்கு வேண்டாம் ராசா. விளையாட்டுக்கு விடுறதுன்னா ஜனங்க கிட்ட 50 மீட்டருக்குள்ள போகக் கூடாது, ஏர்போர்ட்ல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள கூடாது, 45 மீட்டருக்கு மேல ஏறக் கூடாது. கோவில் கூட்டத்துல 50 மீட்டர் எங்க கிடைக்கும்? டோங்காட்னா கிங் ஷாக்கா ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, நானே அங்க பெர்மிஷன் பேப்பர் இல்லாம ஒரு விசிறியும் சுத்த விடுறதில்ல.

பக்கத்து நாட்டு மேல பறந்து பாக்குறது சட்டப்படி சரியா? ஆளே இல்லையே அதுல?

ஆள் இருந்தாலும் இல்லைன்னாலும் ஆகாயம் அந்த நாட்டுக்குச் சொந்தம், கேக்காமப் பறந்தா அத்துமீறல்தான், மபூட்டோவுல சுட்டது மொசாம்பிக்கோட உரிமை. கோமாவுல யூஎன் பறக்க விட்டதுக்கு காங்கோ கவர்மென்ட்டும் செக்யூரிட்டி கவுன்சிலும் ஒத்துக்கிட்டிருந்தாங்க. எல்லை அங்க இருந்து நடந்து போற தூரம், அந்தப் பக்கம் ருவாண்டா, அதனால கேமரா எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதே அரசியல்.

கடைசியா ஒண்ணு. என் மருமகன் காங்கோவுல இருந்தான், தலைக்கு மேல பறக்குறது நம்மளுதா எதிரியோடதான்னு தெரியாதுங்கிறான். அதுக்கு வழியே இல்லையா?

இருக்கு, ஆனா பெரிய விமானத்துக்குத்தான் ஒழுங்கா இருக்கு, "நீ யாரு"ன்னு கேட்டா பதில் சொல்ற ரேடியோ பொட்டி. கடையில வாங்கின சின்ன டிரோன்ல அது கிடையாது, ரெண்டு பக்கமும் ஒரே மாடல் ஓட்டினா கீழ நிக்கிறவனுக்கு ஒரே சத்தம், ஒரே உருவம். உக்ரைன்ல சொந்த டிரோனையே சுட்டு விழுத்துறது, சொந்த ஜாமரே சொந்த டிரோன இறக்குறதெல்லாம் சகஜமா நடக்குது.

இப்ப இருக்கிற வழி பேப்பரும் ரேடியோவும்தான்: எந்த நேரம், எந்த உயரம், எந்த ஃப்ரீக்வென்சியில நம்மளுது பறக்கும்னு முன்னாடியே எழுதி பள்ளத்துல இருக்கிற கடைசி ஆள் வரைக்கும் குடுக்கணும், அதே நேரத்துக்கு ஜாமர அமத்தி வைக்கணும். உங்க மருமகன் படையில ஒண்ணுக்கு மேல நாட்டுக்காரங்க, ஒண்ணுக்கு மேல பாஷை, பக்கத்துல காங்கோ ஆர்மி தனி. அந்தப் பேப்பர் நேரத்துக்கு வரலைன்னா சத்தம் கேட்டதும் மறைவுக்கு ஓடுறதுதான் சரி, அவன் அப்படித்தான் செஞ்சிருப்பான்.